கலெக்டரின் மலையும் கமிஷனின் மலையும்

1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தவர் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்து, பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதி வாங்கியவரும் அதே கார்ன்வாலிஸ்தான். முதல் கையெழுத்தில் அமெரிக்காவின் விடுதலைக்கு வழி பிறந்தது. இரண்டாவது கையெழுத்தில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கம்பெனிக் கணக்கில் ஏறியது. நம் பாடப்புத்தகங்களில் இவை இரண்டும் வெவ்வேறு வகுப்புகளில் வருவதால், ஒரே மனிதரின் தோல்வியும் வெற்றியும் என்பது கண்ணில் படுவதில்லை.

யார்க்டவுனில் வென்ற நாடு, அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் தானும் மலை வாங்கப் புறப்பட்டது. 1898-இல் ஸ்பெயினை வென்று பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கா, லூசோன் தீவின் பெங்கெட் மலையில் பாகியோ என்ற நகரத்தைக் கட்டியது. அந்தப் பாகியோவையும் நம் ஏற்காட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

பாகியோவுக்கு இணை தேடுபவர்கள் வழக்கமாகச் சிம்லாவுக்குப் போவார்கள். அமெரிக்க அதிகாரிகளின் மனத்திலும் சிம்லாதான் இருந்தது. ஆனால் சிம்லாவையோ ஊட்டியையோ எடுத்தால், கோடைத் தலைநகரைக் கோடைத் தலைநகரோடு ஒப்பிடுவதாக முடியும். இரண்டு பக்கமும் கவர்னர் மாளிகையே தெரியும். ஏற்காட்டுக்கு எந்தக் கவர்னரும் அரசாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதனால்தான் வேறுபாடு இங்கே துலங்குகிறது. ஒற்றுமைகளுக்கும் குறைவில்லை. இரண்டு ஊர்களும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. இரண்டிலும் காபி விளைகிறது. இரண்டிலும் ஊர் நடுவே படகுச் சவாரிக்கு நீர்நிலை இருக்கிறது. இரண்டு மலைகளிலும், துரைமார் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே வாழும் மக்கள் இருக்கிறார்கள்: இங்கே மலையாளிகள் (கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை), அங்கே இபலோய் மக்கள்.

மலைகள் கைமாறிய விதத்தை முதலில் பார்க்கலாம். 1792 உடன்படிக்கையில் தோற்ற திப்பு பாதி நாட்டை இழந்ததோடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் ஈடும் கொடுக்க ஒப்புக்கொண்டார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். 1898 டிசம்பரில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையிலோ, வென்ற அமெரிக்கா தோற்ற ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. ஓர் இடத்தில் தோற்றவர் பணம் கட்டினார், மற்றோர் இடத்தில் வென்றவர் பணம் கட்டினார். பழைய பேரரசு கொள்ளையைக் கொள்ளை என்றே எழுதிக்கொண்டது. புதிய பேரரசு அதைக் கிரயம் என்று பதிவு செய்ய விரும்பியது. அந்தக் கிரயத்தில் விற்கப்பட்டவர்கள் அதை ஏற்கவில்லை. அகினால்டோ தலைமையில் போரைத் தொடங்கிய பிலிப்பைன்ஸ் மக்கள் மூன்றாண்டுகளுக்கு மேல் போரிட்டார்கள். சிம்லா கதைகளால் பேர் வாங்கிய கிப்ளிங், 1899 பிப்ரவரியில் ‘வெள்ளையனின் சுமை’ என்ற கவிதையை வெளியிட்டது இந்தியாவை நோக்கி அல்ல, பிலிப்பைன்ஸைக் கைக்கொண்ட அமெரிக்காவை நோக்கித்தான். அனுபவசாலிப் பங்காளி புதுப் பங்காளிக்குச் சொன்ன புத்திமதி அது.

இனி, ஊர்கள் உருவான விதம். ஏற்காட்டைத் தாமஸ் மன்றோ 1842-இல் கண்டுபிடித்ததாகச் சுற்றுலாக் கையேடுகள் பலவற்றில் படிக்கலாம். மன்றோ 1827-இலேயே பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியாகிவிட்டார். இறந்து பதினைந்து ஆண்டு கழித்து அவர் மலையேறியதாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு: ஏற்காட்டுக்குத் திறப்பு விழா நாள் என்று ஒன்று கிடையாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் கிரேஞ்ச் தோட்டத்தில் காபிச் செடியை வைத்தார். ஆப்பிள், பேரி என்று சீமைப் பழமரங்களையும் வைத்துப் பார்த்தார். காபி பிடித்துக்கொண்டது. பின்னால் தோட்டக்காரர்கள் வந்தார்கள், பாதிரிமார் வந்தார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் வந்தார்கள். யாரும் திட்டம் போடவில்லை. ஒரு பங்களாவைத் தொட்டு இன்னொரு பங்களா, ஒரு எஸ்டேட்டைத் தொட்டு இன்னொரு எஸ்டேட் என்று ஊர் தானாக வளர்ந்தது.

பாகியோவுக்கு நாளும் உண்டு, நேரமும் உண்டு, கோப்பும் உண்டு. 1900-இல் வில்லியம் டாஃப்ட் தலைமையில் மணிலா வந்த பிலிப்பைன் கமிஷன், அந்த ஆண்டே டீன் வூஸ்டரையும் லூக் ரைட்டையும் பெங்கெட் மலையை ஆராய அனுப்பியது. 1903 ஜூனில் கமிஷன் பாகியோவைக் கோடைத் தலைநகராக அறிவித்தது. அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு பெரும் நிலப்பரப்பை ராணுவத்துக்கு ஒதுக்கினார்; அதுதான் ஜான் ஹே முகாம். 1905-இல், சிகாகோ உலகக் கண்காட்சியை வடிவமைத்த டேனியல் பர்னம் நகர வரைபடம் கொடுத்தார். 1906-இல் மனைகள் ஏலம் போயின. 1909 செப்டம்பர் 1-இல் நகரச் சாசனம் நடைமுறைக்கு வந்தது. ஏற்காடு முக்கால் நூற்றாண்டில் நடந்து போன தூரத்தைப் பாகியோ ஒன்பதே ஆண்டுகளில் ஓடிக் கடந்தது.

நீர்நிலையிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். ஏற்காட்டில் ஏரி இருந்தது, அதைச் சுற்றி ஊர் வந்தது. பாகியோவில் ஊர் வரைபடத்தில் வந்தது, அதற்குள் ஏரி வெட்டப்பட்டது. இரண்டிலும் இன்று ஞாயிற்றுக்கிழமை படகுக்கு ஒரே நீளத்தில் வரிசை நிற்கிறது என்பது வேறு விஷயம்.

சாலைகளின் கதை இன்னும் சுவையானது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் துரைமார் நெடுங்காலம் குதிரையிலும், ஆட்கள் தோளில் தூக்கிய டோலியிலும்தான் ஏறினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று நாம் காணும் மலைச்சாலை பிற்காலத்தது. ஊர் முதலில், சாலை பிறகு என்பது நம் மலையின் வரிசை. பெங்கெட்டில் வரிசை தலைகீழ். 1901-இல் கேப்டன் மீட் சாலை வேலையைத் தொடங்கியபோது மதிப்பீடு 75,000 டாலர். புவேட் ஆற்றுப் பள்ளத்தாக்கு அந்த மதிப்பீட்டைப் பார்த்துச் சிரித்தது. வெட்டிய பாதையை மழை கொண்டுபோனது. கட்டிய பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. 1903-இல் பொறுப்பேற்ற மேஜர் லைமன் கென்னன் பிலிப்பினோக்களையும் ஜப்பானியர்களையும் சீனர்களையும் அமெரிக்கர்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து 1905-இல் முடித்தார். விபத்திலும் காய்ச்சலிலும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். செலவு ஏறத்தாழ இருபது லட்சம் டாலரைத் தொட்டது. இன்றும் கென்னன் சாலை மழைக்காலத்தில் சரிந்து மூடிக்கொள்கிறது. ஆங்கிலேயர் அந்தப் பணத்தில் கால்வாசியைக்கூட ஏற்காட்டுக்குச் செலவழித்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். கம்பெனியின் வழிவந்தவர்கள் மலையைப் பார்த்தால் முதலில் அது தன் செலவைத் தானே ஈட்டுமா என்று கேட்பார்கள். புதிதாய்ப் பேரரசான நாட்டுக்கோ மலைமேல் ஒரு நகரத்தைக் கட்டி உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது.

சாலை முடியும் முன்பே, 1903-இல், உடல்நலம் தேறுவதற்காக டாஃப்ட் குதிரையில் பெங்கெட் ஏறினார். நூற்று நாற்பது கிலோவுக்குக் குறையாத உடல். பயணம் நன்றாகவே முடிந்தது, ஐயாயிரம் அடி ஏறிவிட்டேன் என்று வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். போர்த்துறைச் செயலர் எலிஹு ரூட் அனுப்பிய பதில் ஒரே கேள்விதான்: குதிரை எப்படி இருக்கிறது? ஏற்காட்டில் டோலி தூக்கியவர்களைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை எந்தத் துரையாவது கேட்டிருந்தால் அதைப் பதிந்து வைத்தவர் இல்லை.

இங்கே ஒரு கிளைச் செய்தி. அமெரிக்கர்களுக்குத் தமிழ் மலை புதிதல்ல. கொடைக்கானலில் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். அவர்கள் அங்கே பள்ளி தொடங்கிய 1901-ஆம் ஆண்டில்தான் பெங்கெட் சாலைக்கு முதல் மண்வெட்டி விழுந்தது. கொடியில்லாமல் ஒரு மலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்து பழகிய நாடு, அதன் பிறகே கொடியோடு இன்னொரு மலைக்குப் போனது.

மலை மக்களை வந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? இரண்டு பக்கமும் கேமராவோடுதான். டீன் வூஸ்டர் அரசு அதிகாரி, விலங்கியல் படித்தவர், பெங்கெட்டை உள்ளடக்கிய கார்டில்லெரா மலைத்தொடரின் மக்களை ஆயிரக்கணக்கான படங்களில் பிடித்தார். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர். தலைகளை அளந்தார், படம் பிடித்தார், 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். நம் மலையாளிகள் அதில் ஓர் இயல். ஆனால் அமெரிக்கா ஒரு படி மேலே போனது. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் மலை மக்களையே கப்பலேற்றிக் கொண்டுபோய், குடிசை போட்டு, சீட்டு வாங்கி வந்தவர்களுக்குக் காட்டியது. ஆங்கிலேயரின் அலட்சியம் நம் மலைக்காரர்களை அந்த அவமானத்திலிருந்து காப்பாற்றியது என்றே சொல்லலாம். ஆட்சியாளர் நம்மைக் கண்டுகொள்ளாமல் விடுவதிலும் சில சமயம் லாபம் இருக்கிறது.

இதுவரை தராசு ஏற்காட்டின் பக்கம் சாய்வதுபோலத் தெரியும். நிலத்துக்கு வரும்போது அது திரும்புகிறது.

சேர்வராயனில் மலையாளிகள் புனம் வெட்டி, சாமையும் ராகியும் விதைத்து, மண் களைத்தால் விட்டுவிட்டு வேறு சரிவுக்குப் போய், சில ஆண்டு கழித்துத் திரும்பி வருவார்கள். திரும்பி வருவதற்காக விட்ட நிலம் ஆங்கிலேயர் கணக்கில் தரிசு. தரிசு என்றால் சர்க்காருடையது. சர்க்காருடையதைக் காபிக்காரருக்குக் கொடுக்கலாம். 1861-இல் கானிங் பிரபு தரிசு நில விற்பனைக்கு விதி வகுத்தார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்து, காபிக்குப் போகாத காட்டுக்கும் வேலி கட்டியது. எல்லாம் முறைப்படி, ஓசையில்லாமல், கிராமம் கிராமமாக நடந்தது. எதிர்த்து வழக்காட ஒரு நாளோ ஒரு தனி ஆணையோ கையில் கிடைப்பதற்கில்லை.

பெங்கெட்டில் கிடைத்தது. மதேயோ கரின்யோ இபலோய் மக்களின் தலைவர்களில் ஒருவர். பாட்டன் காலத்திலிருந்து மாடு மேய்த்து வேலி போட்டு ஆண்டுவந்த 146 ஹெக்டேர் நிலத்தை 1903-இல் தன் பெயரில் பதிவு செய்யக் கேட்டார். அந்த நிலத்தின் மீதுதான் ராணுவ முகாமின் எல்லைக்கோடு விழுந்திருந்தது. ஸ்பெயின் காலத்து ஆணைப்படி இவர் நிலத்தைப் பதியவில்லை, ஆகவே அது அரசு நிலம் என்றது காலனி அரசு. மணிலாவில் தோற்ற வழக்கு வாஷிங்டன் போனது. 1909 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்காகத் தீர்ப்பெழுதிய ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ், கரின்யோ பக்கம் நின்றார். நினைவு எட்டும் காலத்திலிருந்து தனியுரிமையோடு ஆண்டுவந்த நிலம், ஸ்பெயின் வெற்றியாளர் வருவதற்கு முன்பும் அப்படியே இருந்தது என்று கொள்ள வேண்டும். அது ஒருபோதும் அரசு நிலமாக இருந்ததில்லை என்பது அவர் வகுத்த விதி.

ஹோம்ஸின் தர்க்கத்தைக் கவனியுங்கள். பிலிப்பைன்ஸ் மக்களுக்கு நீதி செய்யவே வந்தோம், சுரண்ட வரவில்லை என்று அமெரிக்கா ஊரறியச் சொல்லியிருக்கிறது. சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டாமா என்பதே அதன் சாரம். வேடத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டு வேடதாரியையே அதற்குள் கட்டிப்போட்ட தீர்ப்பு அது. கம்பெனி அப்படி எந்த வாக்கும் கொடுத்து வரவில்லை. ஆகவே அதை எந்த வாக்கிலும் பிடிக்க முடியவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் சொந்தக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்கு அமெரிக்கா இதே அளவுகோலை வைக்கவில்லை. அங்கே வெள்ளையர் குடியேறியது வேறு வகை என்று ஹோம்ஸே பிரித்துக் காட்டினார்.

சேர்வராயன் மலையாளிகளுக்குத் தம் வரவைப் பற்றி ஒரு கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் வழியினர் சேர்வராயனிலும், நடுவண்ணன் வழியினர் பச்சைமலையிலும், சின்னண்ணன் வழியினர் கொல்லிமலையிலும் அமர்ந்தார்கள் என்பது அது. இந்தக் கதையை எழுதிக்கொண்ட வெள்ளைக்காரர்கள், இவர்களும் வந்தேறிகள்தானே என்று அமைதி கண்டிருக்கலாம். ஹோம்ஸ் கேட்டதோ ஆதி காலத்தை அல்ல, நினைவு எட்டும் காலத்தை. பெரியண்ணன் கதையையே சாட்சியாக ஏற்றிருக்கக்கூடிய ஒரு நீதிவிதி, நமக்குக் கிழக்கே வங்கக் கடலையும் தென்சீனக் கடலையும் தாண்டி, சேர்வராயனின் உயரத்திலேயே இருந்த இன்னொரு மலைக்காகப் பிறந்தது. சேர்வராயனில் அந்த வழக்கைப் போட ஆளும் இல்லை, அதைக் கேட்க மன்றமும் இல்லை.

எஸ்டேட்டுகள் விஷயத்திலும் அமெரிக்காவின் உள்வீட்டுச் சண்டை மலைக்காரர்களுக்கு ஒரு வகையில் உதவியது. பேரரசு வேண்டாம் என்றவர்களும், தீவுச் சர்க்கரை போட்டிக்கு வந்துவிடும் என்று அஞ்சிய பீட் சர்க்கரைக்காரர்களும் சேர்ந்து, பிலிப்பைன்ஸுக்கான 1902 சட்டத்தில் அரசு நிலத்துக்கு உச்சவரம்பு போட வைத்தார்கள்: தனி ஆளுக்கு 16 ஹெக்டேர், கம்பெனிக்கு 1,024 ஹெக்டேர். ஏற்காட்டை உருவாக்கிய தோட்டக்காரர் வர்க்கம் பாகியோவில் தலையெடுக்கவில்லை. ஸ்பெயின் காலத்தில் வந்த பெங்கெட் காபி வீட்டுக் கொல்லையிலும் சிறு காட்டிலும் வளர்கிறது. ஏற்காட்டுக் காபி சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடியோடு, எஸ்டேட் கேட்டுக்கு உள்ளே வளர்கிறது. ஆனால் மண்ணுக்குக் கீழே போனால் இரண்டு மலைகளும் மறுபடி ஒன்றாகின்றன. பெங்கெட்டில் 1903-இலேயே தங்கம் வெட்டக் கம்பெனி வந்துவிட்டது. சேர்வராயனில் விடுதலைக்குப் பிறகு மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டினார்கள்.

கொடிகள் இறங்கிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே 1947, அங்கே 1946. ஆயர் பிரெண்ட் 1909-இல் பாகியோவில் தொடங்கிய பள்ளியும், கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் ஏற்காட்டில் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் இன்றும் நடக்கின்றன. ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி. பாகியோவில் பிப்ரவரியில் பனக்பெங்கா மலர் விழா. இருபத்தைந்தாயிரம் பேருக்காக வரையப்பட்ட பாகியோவில் இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெரிகிறார்கள். வரைபடமே இல்லாத ஏற்காடு அதன் பங்குக்கு வார இறுதிகளில் மட்டும் நெரிகிறது.

கரின்யோ வென்றாரா? 1909 தீர்ப்பு வரும் முன்பே அவர் இறந்துவிட்டார். நிலம் வாரிசுகளுக்குத் திரும்பவில்லை. அமெரிக்கர்கள் ஜான் ஹே முகாமை 1991 வரை வைத்திருந்து பிலிப்பைன்ஸ் அரசிடம் ஒப்படைத்தார்கள். அவர் பெயரால் வந்த நீதிவிதியை அடித்தளமாகக் கொண்டு 1997-இல் பிலிப்பைன்ஸ் தன் பூர்வகுடிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் 78-ஆம் பிரிவு, பாகியோ நகரம் அதன் பழைய சாசனப்படியே நிர்வகிக்கப்படும் என்று விலக்கு அளித்தது. விதி பிறந்த ஊருக்கே விதியிலிருந்து விலக்கு! நாட்டின் மற்ற மலைகளுக்கெல்லாம் கரின்யோ பயன்பட்டார். அவருடைய மலைக்கு மட்டும் முழுதாகப் பயன்படவில்லை.

நம் பக்கமும் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என அறிவிக்கப்பட்ட நிலம் தமிழ்நாட்டில் ஓர் ஏக்கர்கூடக் கிடையாது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் இங்கே உரிமைச் சான்று வழங்குவது முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகே நகரத் தொடங்கியது. பாகியோவுக்குச் சட்டமே விலக்கு அளித்தது. சேர்வராயனில் சட்டம் பத்தாண்டுக் காலம் வாசலில் நின்றது.

ஆனாலும் பாகியோவுக்குக் கிடைக்காத ஒன்று சேர்வராயனுக்குக் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று சின்னண்ணன் வழியினரின் கொல்லிமலையைக் கொண்ட சேந்தமங்கலம், மற்றொன்று ஏற்காடு. கரின்யோ நீதிமன்றத்தில் கேட்டுப் பெற்றதை, சேர்வராயன் மக்கள் சட்டமன்றத்தில் கேட்கலாம். கேட்கும் குரல் அங்கிருந்து இன்னும் உரக்க வர வேண்டும்.